கிராமச் செவிலியரின் திறமையை எதை வைத்து அளப்பது: எழுத்துத் தேர்வா, ஆஸ்கியா (மேசை மேசையாகச் செய்துகாட்டும் தேர்வு), கூடவே உட்கார்ந்து பார்ப்பதா?

வட்டார அளவில் பயிற்சியோ மேற்பார்வையோ பார்க்கிறவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்கிற இடம் இது. மேலிருந்து ஒரு கடிதம் வரும்: உங்கள் வட்டாரத்தில் உள்ள வி.ஹெச்.என். (கிராம சுகாதார செவிலியர்), எம்.எல்.ஹெச்.பி. (இடைநிலை சுகாதாரப் பணியாளர்), பி.எச்.சி. (ஆரம்ப சுகாதார நிலையம்) ஸ்டாஃப் நர்ஸ் எல்லோருடைய திறனையும் மதிப்பிட்டு அறிக்கை அனுப்பவும். கையில் இருப்பது இரண்டு மூன்று வாரமும் ஒரு ப்ரொஜெக்டரும்தான். உடனே என்ன செய்வோம்? ஐம்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை, ஒரு கூகுள் ஃபார்ம். மாலைக்குள் மதிப்பெண் பட்டியல் தயார், எக்செல்லில் சிவப்பும் பச்சையும் பூசி அனுப்பியாயிற்று.

சரி, 40-க்குக் கீழே எடுத்தவர்களை என்ன செய்யப் போகிறீர்கள்? மறுபடி வகுப்பு வைப்பீர்கள். அங்கேதான் சிக்கல். ஒரு செவிலியர் ஒரு வேலையைச் சரியாகச் செய்யாமல் இருக்க நான்கு காரணம் உண்டு: அவருக்கு அது தெரியவில்லை; தெரியும், ஆனால் கை வரவில்லை; கையும் வரும், ஆனால் அன்றாடம் செய்வதில்லை; செய்ய நினைத்தாலும் வழியில்லை, கருவி ரிப்பேர், மருந்து வரவில்லை, ஒரே காலையில் நூறு பேர் நிற்கிறார்கள். முதலாவதுக்குத்தான் வகுப்பு. இரண்டாவதுக்குப் பழக்கம் வேண்டும், மூன்றாவதுக்கு மேற்பார்வை வேண்டும், நான்காவதுக்கு ஸ்டோர் கீப்பரைப் பிடிக்க வேண்டும். எது காரணம் என்று பிரித்துச் சொல்லாத மதிப்பீடு எவ்வளவு அழகாக அச்சடிக்கப்பட்டிருந்தாலும் உங்களுக்கு உதவாது.

அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990-ல் ஒரு பிரமிடு வரைந்தார். அடியில் 'அறிந்திருக்கிறார்', அதன்மேல் 'எப்படி என்று அறிந்திருக்கிறார்', அடுத்து 'செய்துகாட்டுகிறார்', உச்சியில் 'வேலையில் செய்கிறார்'. நர்சிங் கல்லூரிகளில் இதைப் பாடமாகவே நடத்துகிறார்கள். ஆனால் 'வழியில்லை' என்ற காரணத்துக்கு அந்தப் பிரமிடில் இடமே கிடையாது. களத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

## எதையெல்லாம் வைத்து எடைபோடலாம்

முறைகளுக்குள் போகும் முன் அளவுகோல்களை முடிவு செய்துகொள்ளுங்கள். நான் பார்ப்பவை இவை.

முதலாவது, மேலே சொன்ன நான்கு காரணங்களில் எதை இந்த முறை காட்டும், எதை மறைக்கும்.

இரண்டாவது, நீங்கள் அளக்க நினைப்பது தினமும் நடக்கிற வேலையா, எப்போதாவது வரும் ஆபத்தா. ரத்த அழுத்தம் பார்ப்பது தினமும் நடக்கும். பிரசவத்துக்குப் பிறகு பெருக்கெடுக்கும் ரத்தப்போக்கை ஒரு செவிலியர் வருடம் முழுக்கச் சந்திக்காமலே போகலாம், ஆனால் சந்திக்கும் அன்று கை நடுங்கக் கூடாது. இரண்டையும் ஒரே முறையில் அளக்க முடியாது.

மூன்றாவது செலவு. பேப்பரும் டீயும் கணக்கே இல்லை, உண்மையான செலவு களத்தில் இழக்கும் நாள். புதன்கிழமை தடுப்பூசி நாள், செவ்வாய் பல இடங்களில் கர்ப்பிணிகளுக்கானது. மீதி நாட்களில் வீடு வீடாகப் போக வேண்டும், பிக்மியில் (தாய்-சேய் விவரங்களைப் பதியும் அரசு இணையதளம்) பதிவேற்ற வேண்டும். ஒரு நாள் தேர்வுக்குக் கூப்பிட்டால் ஒரு சப்சென்டர் (துணை சுகாதார நிலையம்) பூட்டிக் கிடக்கும்.

நான்காவது பயம். மதிப்பீடு என்ற பெயரில் வருவது மெமோவில் முடியும் என்று ஒருமுறை ஆகிவிட்டால், அடுத்த முறை நீங்கள் எந்த முறையை எடுத்தாலும் உண்மை கிடைக்காது.

| முறை | நன்றாகக் காட்டுவது | மறைப்பது | மறைமுகச் செலவு |
|---|---|---|---|
| எழுத்துத் தேர்வு | தெரியுமா | கை வருமா, செய்கிறாரா | ஆங்கிலத்தையும் சேர்த்து அளப்பது |
| கேஸ் சொல்லிக் கேட்பது | எப்படி யோசிக்கிறார் | அன்றாட நடைமுறை | கேட்பவருக்குப் பயிற்சி |
| ஆஸ்கி | கை வருமா | கூட்டத்துக்கு நடுவே செய்கிறாரா | தேர்வாளர்கள், பொம்மைகள், ஒரு நாள் |
| நேரில் கவனித்தல் | முடிந்தவரை எவ்வளவு செய்வார், கருவி இருக்கிறதா | யாரும் பார்க்காதபோது என்ன | மேற்பார்வையாளரின் நாட்கள் |
| வேடமிட்ட நோயாளி | உண்மையில் என்ன நடக்கிறது | ஏன் அப்படி நடக்கிறது | அனுமதி, நம்பிக்கை |
| ரிஜிஸ்டர் | எழுதுகிற பழக்கம், கணக்கில் வரும் ஓட்டைகள் | எழுதாமல் செய்தது, செய்யாமல் எழுதியது | எழுத்துவேலை கூடுவது |

## எழுத்துத் தேர்வு

மலிவு, வேகம், எல்லோருக்கும் ஒரே கேள்வி. திருத்துபவரின் மனநிலை மதிப்பெண்ணை மாற்றாது. மனப்பாடமாகவே இருந்தாக வேண்டிய சில விஷயங்களுக்கு இதைவிட நல்ல முறை கிடையாது: திறந்த பெண்டாவேலன்ட் தடுப்பூசிக் குப்பியை 28 நாள் வரை வைத்துக்கொள்ளலாம், கலக்கிய பி.சி.ஜி., எம்.ஆர். தடுப்பூசிகளை 4 மணி நேரத்துக்குமேல் வைக்கக் கூடாது. வயிற்றுப்போக்கு வந்த ஒரு வயதுக் குழந்தைக்கு துத்தநாகம் 20 மில்லிகிராம், 14 நாள். இதெல்லாம் யோசித்துச் சொல்கிற விஷயம் இல்லை, தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் கேள்வித்தாள் ஆங்கிலத்தில் இருந்தால் நீங்கள் அளப்பது பாதி ஆங்கிலம். பல வருடம் வேலை பார்த்த ஒரு வி.ஹெச்.என். அம்மா, போன வருடம் நர்சிங் முடித்துவிட்டு வந்த பெண்ணைவிடக் குறைவாக எடுப்பார். பட்டியலைப் பார்க்கிறவர் மூத்தவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிடுவார். தமிழில் கேளுங்கள், அதுவும் பாடநூல் தமிழில் வேண்டாம், அவர்கள் ரிஜிஸ்டரில் எழுதும் சொற்களில். கூகுள் ஃபார்ம் என்றால் விடைகள் வாட்ஸ்அப் குரூப்பில் பறக்கும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

எப்போது இதை எடுக்கலாம்: பயிற்சிக்கு முன்னும் பின்னும் வித்தியாசம் பார்க்க, அல்லது ஒரு வழிகாட்டுதல் புதிதாக மாறியிருக்கிறது, அது எல்லோரையும் எட்டியதா என்று தெரிந்துகொள்ள.

## கேஸ் சொல்லிக் கேட்பது

நம் ஊரில் குறைவாகப் பயன்படுத்தப்படுவது, நான் நிறையப் பரிந்துரைப்பது. எதிரே உட்கார்ந்து, "8 மாதக் குழந்தை, ரெண்டு நாளா இருமல், அம்மா தூக்கிட்டு வந்திருக்காங்க. என்ன கேப்பீங்க, என்ன பாப்பீங்க?" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிட வேண்டும். அவர் மூச்சு எண்ணுவேன் என்று சொன்னால்தான் 54 என்ற எண்ணைக் கொடுக்க வேண்டும். இரண்டு மாதம் முடிந்து ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு நிமிடத்துக்கு 50 அல்லது அதற்குமேல் என்றால் வேகமான மூச்சு. அவர் அதை நிமோனியா என்று பிடிக்கிறாரா, நெஞ்சுக்கூடு உள்வாங்குகிறதா என்று கேட்கிறாரா, பால் குடிக்கிறதா என்று கேட்கிறாரா, எல்லாமே வரிசையாகத் தெரிந்துவிடும். நான்கு விடைக் கேள்வியில் 'மூச்சை எண்ணுதல்' என்பது கண்ணெதிரே அச்சில் கிடக்கும். இங்கே அது அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

இது எவ்வளவு நம்பத்தக்கது? அமெரிக்காவில் ஜான் பீபடி குழுவினர் மருத்துவர்களை வைத்து 2000-ல் வெளியிட்ட ஆய்வில், வேடமிட்ட நோயாளிகளை அனுப்பிப் பார்த்த மதிப்பெண்ணுக்கு இந்த முறை நெருக்கமாகவே வந்தது. நோயாளிக் குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்த மதிப்பெண்தான் மூன்றில் கடைசி. ஆப்பிரிக்க நாடுகளில் உலக வங்கி நடத்தும் சேவை அளவீடுகளும் இதே முறையைத்தான் பயன்படுத்துகின்றன.

ஆனால் அது அமெரிக்கா. நம் பக்கத்து அனுபவம் வேறு. ஜிஷ்ணு தாஸும் ஜெஃப்ரி ஹேமரும் டெல்லியில் மருத்துவர்களுக்கு கேஸ் சொல்லிக் கேட்டார்கள், அப்புறம் அவர்கள் நோயாளி பார்ப்பதையும் உட்கார்ந்து பார்த்தார்கள். சொன்னதற்கும் செய்ததற்கும் பெரிய இடைவெளி இருந்தது, அரசுப் பணியில் இருந்தவர்களிடம் இன்னும் அதிகம். ஆக, கேஸ் கேட்டு நல்ல மதிப்பெண் வந்தால் 'தெரியவில்லை' என்ற காரணத்தை அடித்துவிடலாம், அவ்வளவுதான்.

மறைமுகச் செலவு கேட்பவரின் முகம். பதில் தப்பாகப் போகும்போது புருவம் உயரும், செவிலியர் உடனே மாற்றிச் சொல்வார். கேட்பவர்களை ஒரு நாளாவது பழக்காமல் அனுப்பாதீர்கள். ஒரே கேஸோடு நிறுத்தவும் வேண்டாம், நிமோனியாவில் வெளுத்துக் கட்டுகிறவர் கர்ப்பிணியின் வலிப்பில் தடுமாறலாம். நான்கைந்து கேஸாவது வேண்டும்.

## ஆஸ்கி

1975-ல் ஸ்காட்லாந்தின் டண்டியில் ரொனால்ட் ஹார்டன் குழுவினர் கொண்டுவந்த முறை. மேசைகளை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு வேலை, கையில் செக்லிஸ்ட்டுடன் ஒரு தேர்வாளர், மணி அடித்தால் அடுத்த மேசை. நம் ஸ்கில் லேப் பயிற்சிகளில் பார்த்திருப்பீர்கள்.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள். ஆறு மேசை, மேசைக்கு 8 நிமிடம், இடம் மாற 1 நிமிடம் என்றால் ஆறு பேர் கொண்ட ஒரு சுற்றுக்கு 54 நிமிடம். 36 பேர் என்றால் ஆறு சுற்று, சாப்பாட்டு இடைவேளை சேர்க்காமலே ஐந்தரை மணி நேரத்தை நெருங்கும். ஆறு தேர்வாளர், மணியடிக்க ஒருவர், மூச்சு கொடுத்துப் பழகும் பொம்மை குறைந்தது ஒன்று. தேர்வாளர்கள் யார்? பக்கத்து பி.எச்.சி. மருத்துவர்கள், நர்சிங் கல்லூரி ஆசிரியர்கள். அவர்களுடைய ஒரு நாளும் செலவுக் கணக்கில் வர வேண்டும்.

இவ்வளவு செலவுக்கும் ஆஸ்கி தகுதியானதுதான், ஆனால் ஒரு வகை வேலைக்கு மட்டும்: அரிதாக வரும், வந்தால் உயிர் போகும் வேலைகள். பிறந்ததும் அழாத குழந்தைக்கு முதல் நிமிடத்துக்குள் பையும் முகமூடியும் வைத்து மூச்சு கொடுப்பது. பிரசவமானதும் ஒரு நிமிடத்துக்குள் 10 யூனிட் ஆக்சிடோசின் தசையில் போடுவது. வலிப்பு வந்த கர்ப்பிணிக்கு மக்னீசியம் சல்ஃபேட் முதல் டோஸ். இவற்றை நிஜத்தில் பார்ப்பதற்காகக் காத்திருக்க முடியாது, காகிதத்தில் கேட்டால் எல்லோரும் சரியாகத்தான் எழுதுவார்கள். பொம்மையின் முகத்தில் முகமூடியை வைத்து அழுத்தும்போது காற்று ஓரமாகப் புஸ்ஸென்று போவதைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். இந்தக் கைத்திறன் பயிற்சி முடிந்த சில மாதங்களிலேயே தேய ஆரம்பிக்கும் என்பதால், ஒருமுறை தேர்ச்சி பெற்றவரை ஐந்து வருடத்துக்கு விட்டுவிடுவதும் சரியில்லை.

செக்லிஸ்ட்டைப் பற்றி ஒரு வயிற்றெரிச்சல். 'தன்னை அறிமுகம் செய்துகொண்டார்' என்பதற்கும் ஒரு மதிப்பெண், 'மார்பு உயர்ந்ததா என்று பார்த்தார்' என்பதற்கும் ஒரு மதிப்பெண் என்று போட்டால், இனிமையாகப் பேசி, குழந்தைக்கு ஒரு மூச்சுகூடக் கொடுக்காமல் ஒருவர் தேர்ச்சி பெற்றுவிடுவார். இது தவறினால் மற்றதெல்லாம் இருந்தும் தேர்ச்சி இல்லை என்ற படிகளை முன்கூட்டியே குறித்துவிடுங்கள். அன்று காலை தேர்வாளர்கள் எல்லோரையும் ஒரே ஆள் செய்வதைப் பார்க்கச் சொல்லித் தனித்தனியாக மதிப்பெண் போடச் சொல்லுங்கள். எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று பார்த்தால் உங்களுக்கே தூக்கிவாரிப்போடும்.

## கூடவே உட்கார்ந்து பார்ப்பது

இதைப் பற்றி எல்லோரும் முதலில் சொல்லும் குறை: யாராவது பார்த்தால் நன்றாகத்தான் செய்வார்கள். உண்மைதான். தான்சானியாவின் அருஷா பகுதியில் கென்னத் லியோனார்டும் மெல்கியரி மசாட்டுவும் செய்த ஆய்வில், ஆய்வாளர் வந்து உட்கார்ந்ததும் மருத்துவர்களின் தரம் சட்டென்று உயர்ந்தது, பத்துப் பதினைந்து நோயாளிகளுக்குப் பிறகு பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. நடிப்பு அவ்வளவு நேரம்தான் தாங்கும். இதிலிருந்து நேரடியாக ஒரு உத்தி கிடைக்கிறது: புதன்கிழமை தடுப்பூசி முகாமில் காலை முழுக்க உட்காருங்கள், முதல் சில பேரைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பார்க்கும்போது நன்றாகச் செய்வதே ஒரு தகவல். அது அவருடைய உச்சம். உச்சத்திலும் ஒரு படி விடுபட்டால் அதைச் சோம்பலின் கணக்கில் எழுத முடியாது. தெரியவில்லை, அல்லது கை வரவில்லை, அல்லது சாமான் இல்லை. கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் பார்க்கும்போது ஐந்து நிமிடம் உட்காரவைத்தாரா, கை இதய மட்டத்தில் இருந்ததா, கஃப் (கையில் சுற்றும் பட்டை) கைக்குப் பொருந்தியதா, இடையில் பேச்சுக் கொடுத்தாரா. பருமனான கைக்குப் பெரிய கஃப் அந்த சப்சென்டரிலேயே கிடையாது என்பது உட்கார்ந்து பார்த்தால் முதல் மணி நேரத்திலேயே தெரிந்துவிடும், எந்தத் தேர்வும் அதைச் சொல்லாது. 'வழியில்லை' என்ற நான்காவது காரணத்தைக் கண்டுபிடிக்க இதுபோல் வேறு முறை இல்லை, அதனால்தான் என் ஓட்டில் பெரும்பங்கு இதற்குப் போகிறது.

அப்படியே வாசலில் ஒரு நாற்காலி போட்டு, வெளியே வரும் தாய்மார்களிடம் நான்கு கேள்வி கேளுங்கள்: என்ன ஊசி போட்டாங்க, எதுக்கு? அடுத்து எப்ப வரச் சொன்னாங்க? காய்ச்சல் வந்தா என்ன செய்யச் சொன்னாங்க? அட்டையப் பத்திரமா வெச்சுக்கச் சொன்னாங்களா? தடுப்பூசி போட்டதும் சொல்லியாக வேண்டிய நான்கு செய்திகள் இவைதான். காசே செலவில்லாத அளவீடு.

யார் போய் உட்காருவது என்பதில் கவனம் வேண்டும். தினமும் அறிக்கை கேட்டுத் துரத்துகிற அதே மேற்பார்வையாளர் போனால் அது ஆய்வாகிவிடும். பக்கத்து வட்டாரத்து சமுதாய சுகாதார செவிலியரை இங்கேயும், இங்கே உள்ளவரை அங்கேயும் அனுப்பிப் பாருங்கள். இன்னொன்றையும் முன்பே பேசிவிடுங்கள்: குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் பார்வையாளர் உடனே குறுக்கிடுவார். மதிப்பெண் பேப்பரைப் பிடித்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

## வேடமிட்ட நோயாளி

நோயாளிபோல நடிக்கப் பழகிய ஒருவர், சொல்லாமல் கொள்ளாமல் போய் வரிசையில் நின்று, நடந்ததை வெளியே வந்து குறித்துக்கொள்வது. உண்மையில் என்ன நடக்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமானது இல்லை. ஜிஷ்ணு தாஸ் குழுவினர் மத்தியப் பிரதேச கிராமங்களிலும் டெல்லியிலும் இதைச் செய்து 2012-ல் வெளியிட்டபோது, நோயாளியோடு மருத்துவர் செலவிட்ட சில நிமிடங்களும், சரியான சிகிச்சை கிடைத்தவர்கள் எவ்வளவு குறைவு என்பதும் பலரை உலுக்கின. மேற்கு வங்கத்தின் பீர்பூமில் பட்டம் இல்லாத வைத்தியர்களுக்கு ஒன்பது மாதப் பயிற்சி கொடுத்து இதே முறையில் அளந்தார்கள் (2016-ல் வெளிவந்தது). சரியாகக் கையாளும் விகிதம் கூடியது, தேவையில்லாத மருந்து கொடுப்பது மட்டும் குறையவில்லை. இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட வேறு எந்த முறையாலும் முடிந்திருக்காது.

ஆனால் சப்சென்டருக்கு இதை நினைக்கவே வேண்டாம். அந்த ஊரில் எந்த வீட்டில் யார் எத்தனை மாதம் என்று விரல்நுனியில் வைத்திருப்பவர் அந்தச் செவிலியர், புதுமுகம் ஒன்று வந்து நின்றால் "யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். கர்ப்பிணியையும் கைக்குழந்தையையும் நடிக்கவைக்கவும் முடியாது. 'குழந்தை வீட்ல இருக்கு, பேதி' என்று ஒரு பெற்றோரை அனுப்பலாம், அதுவும் கூட்டம் நெரியும் பி.எச்.சி. ஓ.பி.க்குத்தான் ஒத்துவரும். போகிறவர் ஊசியிலிருந்து எப்படித் தப்பிப்பது என்பதையும் யோசிக்க வேண்டும். பணியாளர்களிடம் பொதுவாக ஒப்புதல் வாங்காமல், நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் வட்டார அளவில் யாராவது ஆர்வத்தில் இதைத் தொடங்கினால், செவிலியர் சங்கம் வாசலுக்கு வரும், வருவதும் நியாயம். மாநில அளவில் அமைப்பு எப்படி இயங்குகிறது என்று அறிய வைத்துக்கொள்ளுங்கள், தனியொருவரைப் பிடிக்க வேண்டாம்.

## ரிஜிஸ்டரைப் புரட்டுவது

ஏற்கனவே இருக்கிறது, யாரையும் கூப்பிட வேண்டாம். ஆனால் பக்கம் நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தினால் எழுத்துத் திறமையைத்தான் அளப்பீர்கள்.

எண்களின் வாலைப் பாருங்கள். டிஜிட்டல் கருவியில் எடுத்த ரத்த அழுத்தம் என்றால் கடைசி இலக்கம் 0 முதல் 9 வரை ஏறக்குறைய சமமாகப் பரவியிருக்க வேண்டும். பக்கம் முழுக்க 110/70, 120/80 என்று நின்றால் ஒன்று அளக்கவில்லை, இல்லை கருவி வேலை செய்யவில்லை. பிறப்பு எடை 2.5 கிலோவில் குவிந்து கிடப்பதும் அப்படியே, 2.4 என்று எழுதினால் குறைந்த எடைக் குழந்தை, அதற்குத் தனிக் கவனிப்பு, தனி அறிக்கை. ஆளைக் குற்றம் சொல்வதற்குமுன் தராசைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் பாதிக் கதை அங்கேயே இருக்கும்.

ரிஜிஸ்டரை வைத்து யாருக்கும் மதிப்பெண் போடாதீர்கள். எங்கே போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்க வைத்துக்கொள்ளுங்கள்.

(தன்னைத் தானே மதிப்பிடும் படிவம் பற்றியும் சிலர் கேட்பார்கள். 'எனக்கு நன்றாகத் தெரியும்' என்று எல்லோரும் டிக் அடிப்பார்கள். எந்தப் பயிற்சி வேண்டும் என்று கேட்பதற்கு மட்டும் அது போதும்.)

## யாருக்கு எது

பயிற்சி நடத்தினோம், பலித்ததா என்று பார்க்க வேண்டுமா? முன்னும் பின்னும் ஒரே எழுத்துத் தேர்வு, மூன்று மாதம் கழித்து ஐந்து கேஸ்.

பிரசவம் பார்க்கும் பி.எச்.சி. ஸ்டாஃப் நர்ஸ்களா? ஆஸ்கி, மூன்று மேசை போதும், ஆனால் அரையாண்டுக்கு ஒருமுறை. எல்லோரையும் ஒரு இடத்துக்குக் கூப்பிடாமல் பொம்மையை பி.எச்.சி.க்கு எடுத்துப் போனால் பிரசவ அறையும் காலியாகாது.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகும் பெண் தன்னார்வலர்களா? கூடவே நாலு வீடு நடங்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் எப்படிப் பார்க்கிறார்கள், மாத்திரையை எப்படி விளக்குகிறார்கள் என்பதெல்லாம் அந்த நாலு வீட்டில் தெரியும், தேர்வு வைப்பது வீண்.

என்.கியூ.ஏ.எஸ். (அரசு மருத்துவ நிலையங்களுக்கான தேசியத் தர உறுதி) சான்றுக்குத் தயாராகிறீர்களா? அதில் கவனிப்பது, பணியாளரிடம் கேட்பது, பதிவேடு பார்ப்பது, நோயாளியிடம் கேட்பது என நான்கு வழிகளும் ஏற்கனவே இருக்கின்றன, பணியாளர் திறன் மதிப்பீட்டுக்கென்று ஒரு தரநிலையும் தனியாக உண்டு. புதிதாக ஒரு படிவம் கண்டுபிடிக்காமல் அதையே பயன்படுத்துங்கள். ஆனால் அந்த மதிப்பெண் நிலையத்துக்கானது, அதைப் பிரித்து ஒரு செவிலியரின் தலையில் ஏற்றாதீர்கள்.

இதெல்லாம் சரி, முப்பது சப்சென்டர், மூன்று வாரம், கையில் காசில்லை என்கிறீர்களா? முதல் வாரம் ரிஜிஸ்டர்களைப் புரட்டி எண்கள் சந்தேகமாக இருக்கும் ஏழெட்டு இடங்களை எடுங்கள், ஒப்பிட நன்றாக ஓடுகிற இரண்டு இடங்களையும் சேருங்கள். இரண்டாவது வாரம் பக்கத்து வட்டார ஆட்களை அங்கே தடுப்பூசி நாளில் உட்காரவைத்து, முகாம் முடிந்ததும் செவிலியரிடம் நான்கு கேஸ் கேட்கச் சொல்லுங்கள். கேஸில் சரியாகச் சொல்லி, நேரில் பார்க்கும்போதும் சரியாகச் செய்து, ரிஜிஸ்டரில் மட்டும் 120/80 ஓடினால் பேச வேண்டியது மேற்பார்வையாளரிடம். கேஸிலேயே தடுமாறினால் வகுப்பு. கேஸ் சரி, கை தடுமாறுகிறது என்றால் பொம்மையும் இரண்டு மணி நேரமும். மூன்றாவது வாரம் அறிக்கை எழுதும்போது, பெயர்ப் பட்டியலுக்கு முன்னால், இல்லாத கஃப்களும் ஓடாத தராசுகளும் எத்தனை என்ற பட்டியலை வையுங்கள். கடிதம் போட்டவர் அதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.